மதுரைக் கிளையின் ஊர்சுற்றல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் மதுரைக் கிளை ஆண்டுக்கு ஆறு முறை வெளியே கிளம்புகிறது. அறிவிப்பு போட்ட அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரிசை கட்டிவிடும். "வேன் எத்தனை மணிக்கு?" என்பதற்கு மட்டும் சென்ற முறை பதினேழு பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதினேன். அந்த அலுப்பில் உட்கார்ந்து எழுதியது இது. படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். படிக்காமல் கேட்டால் இதைத்தான் திருப்பி அனுப்புவேன்.

யாரெல்லாம் வரலாம்?

நம் கல்லூரியில் ஒரு வருடமாவது படித்தவர்கள் எல்லாரும். பட்டம் வாங்கினீர்களா, அரியர் மிச்சமிருக்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. பி.யூ.சி. (அப்போது கல்லூரியிலேயே இருந்த புகுமுக வகுப்பு) மட்டும் படித்துவிட்டு வேலைக்குப் போன பெரியவர்கள் மூன்று பேர் தவறாமல் வருகிறார்கள். பிளஸ் டூ வந்ததும் அந்த வகுப்பே காணாமல் போய்விட்டது, ஆட்கள் காணாமல் போகவில்லை. சந்தா கட்டியவர்களுக்கு முதல் பத்து நாள் முன்னுரிமை. அதன் பிறகு மிச்சமிருக்கும் இடம் யாருக்கும்.

வெளியூரில் இருக்கிறேன். விடுமுறைக்கு மதுரை வரும்போது சேர்ந்துகொள்ளலாமா?

தாராளமாக. இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள், போதும்.

ஒரு ஹோட்டல் ஹாலில் சந்திப்பு வைத்தால் போதாதா? எதற்கு இந்த அலைச்சல்?

பல வருடம் ஹாலில்தான் வைத்தோம். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, பொன்னாடை. மேடையில் நாலு பேர் பேசுவார்கள், கீழே அறுபது பேர் சாப்பாடு எப்போது என்று பார்ப்பார்கள். சாப்பாட்டிலும் அவரவர் செட் ஆட்களோடு ஒரு மேஜை. 84 செட் ஆளுக்கு 2009 செட் பையனின் பெயர்கூடத் தெரியாமல் கலைந்து போவோம்.

ஒருமுறை ஹால் கிடைக்காமல் போனது. முகூர்த்த நாள். வேறு வழியில்லாமல் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஒரு வேனும் நாலு காரும் கிளம்பின. மலையடிவாரத்து ஆலமரத்தடியில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். பெரிய அதிகாரியாக ஓய்வுபெற்ற ஒருவருக்குத் தண்ணீர் பாட்டில் மூடி திறக்க வரவில்லை. பக்கத்தில் இருந்த பையன் வாங்கித் திறந்து கொடுத்தான். "நீ எந்த டிபார்ட்மென்ட்டுப்பா?" என்று ஆரம்பித்த பேச்சு திரும்பி வரும்வரை ஓயவில்லை. இருவரும் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள், முப்பத்தோரு வருட இடைவெளியில். அன்றைக்கு முடிவானது: மேடை இருக்கும் இடத்துக்கு இனி ஆண்டு விழாவுக்கு மட்டும்தான்.

இந்த ஆண்டு எங்கெல்லாம் போகிறோம்?

ஜூன், ஜூலை வெயிலில் மலை ஏற்றமாட்டோம் என்பதால் அந்த மாதங்களில் கூரை உள்ள இடங்கள். முதலில் கீழடி. 2014-15இல் அகழாய்வு தொடங்கிய ஊர், மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், இருந்தும் கிளையில் பாதிப் பேர் இன்னும் பார்த்ததில்லை. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள், நடுவில் முற்றத்தோடு. பானை ஓட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர்களைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். போன முறை வந்தவர்கள் அதிக நேரம் நின்றது விளையாட்டுக் காய்கள் இருந்த பெட்டிக்கு முன்னால். தாய விளையாட்டில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று மெஸ் வராந்தாக் கதைகள் அங்கேயே தொடங்கிவிட்டன. சிரிப்புச் சத்தம் கேட்டுக் காவலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்தது நகருக்குள்ளேயே ஒரு காலை நடை. ஆறு மணிக்கு மாசி வீதியில் ஆரம்பம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தெருவுக்கெல்லாம் மாதப் பெயர் வைத்த ஊரில் நாலு வருடம் படித்தும், எது உள்ளே எது வெளியே என்று வரிசை சொல்லத் தெரியாதவர்கள் நம்மில் ஏராளம். மேல மாசி வீதியில் 1921 செப்டம்பரில் காந்தி தங்கிய வீடு இருக்கிறது. சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியது அங்கேதான். நடை அங்கிருந்து தமுக்கம் பக்கம் போய்க் காந்தி அருங்காட்சியகத்தில் முடியும். ராணி மங்கம்மாளின் அரண்மனை அது. 1959இல் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மாசி வீதி வீட்டையும் அந்தத் துணியையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அதற்காகவே டிபனை அதற்கு முன்னால் வைத்துக்கொள்கிறோம்.

மழைக்கு முன்னால் ஒரு நாள் போடி ரயில். இது என் யோசனை, சிலருக்குப் பிடிக்கவில்லை. "போடியில் பார்க்க என்ன இருக்கு?" என்கிறார்கள். ஒன்றும் வேண்டாம், ரயிலில் போவதுதான் விஷயம். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மீட்டர் கேஜ் வண்டியில் டிரங்குப் பெட்டியோடு வந்து நம் கல்லூரியில் சேர்ந்தார்கள்! 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய வண்டி, தேனி வரை 2022 மே மாதமும் போடி வரை 2023 ஜூனிலும்தான் திரும்ப ஓடியது. ஆண்டிபட்டிக் கணவாயை வண்டி தாண்டும்போது ஜன்னல் ஓரத்தில் யார் உட்காருவது என்று இப்போதே சண்டை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று சொல்லிவிட்டேன்.

நவம்பருக்குப் பிறகு, கண்மாயில் தண்ணீர் நின்றால், கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்று பலகையில் இருக்கும். கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அந்த ஊருக்குப் போகும் வேனில் பாட்டுப் பெட்டி கிடையாது. மழை பொய்த்தால் இந்தப் பயணம் இல்லை, வறண்ட கண்மாயைப் பார்க்கக் காசு வாங்கமாட்டேன்.

ஜனவரி கடைசியில் அரிட்டாபட்டி. மேலூர்ப் பக்கம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் அரசு அறிவித்த இடம். பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், அதில் சிவனின் வடிவமான லகுலீசர் சிற்பம், சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கை, தமிழிக் கல்வெட்டு, மேலே வட்டமிடும் ராஜாளி என்று ஒரே மலைச்சுற்றில் எல்லாம் உண்டு. டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2024இல் ஊரே திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது நினைவிருக்கும். அந்த ஊர்க்காரர்களையே வழிகாட்டச் சொல்லி அழைத்துக்கொள்கிறோம், அவர்களுக்குரிய தொகை கட்டணத்திலேயே சேர்ந்திருக்கிறது. கல்வெட்டு எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுண்ணாம்பு தடவுவது, பெயர் கிறுக்குவது எல்லாம் கூடவே கூடாது. இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று வருத்தம்தான்.

பிப்ரவரியில் செட்டிநாடு. முழு நாள், கொஞ்சம் தூரம். கானாடுகாத்தானில் வீடுகள், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் கூடம். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பது பலருக்கும் புதுச் செய்தி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி பட்ட பக்கம்தான் அந்தப் பளபளப்பு. சிவில் படித்தவர்கள் அங்கே நின்று கலவை விகிதம் பற்றிச் சண்டை போடுவார்கள். அரை மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

எனக்கு முழங்கால் வலி. மலை என்றால் வரவேண்டாமா?

வாருங்கள். ஒவ்வொரு பயணத்திலும் கீழே இருப்பவர்களுக்கென்று ஒரு திட்டம் உண்டு. சமணர் மலைக்குப் போனால் பேச்சிப்பள்ளம் வரை படியேறுபவர்கள் ஏறட்டும். தீர்த்தங்கரர் சிற்ப வரிசையும் வட்டெழுத்தும் மேலே இருக்கின்றன. அடிவாரத்திலும் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம், டீ எல்லாம் உண்டு. கீழே உட்காரும் கூட்டத்தில்தான் நல்ல கதைகள் கிடைக்கின்றன என்று மேலே போனவர்கள் குறைபட்டுக்கொள்வதும் வழக்கம். ஏறுவதா வேண்டாமா என்பதை அங்கே போய் முடிவு செய்யலாம். "அட, வாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று யாரும் யாரையும் இழுக்கக்கூடாது. ஒருமுறை அப்படி இழுத்துப் போய், இறங்கும்போது நாலு பேர் கைகொடுத்து ஒருவரை இறக்கவேண்டி வந்தது. அவருக்கு வலியைவிடக் கூச்சம்தான் அதிகம். அடுத்த இரண்டு பயணத்துக்கு அவர் வரவில்லை.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கையோடு எடுத்து வாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்காகப் பதினோரு மணிக்கு சுண்டல் உண்டு, மற்றவர்களும் சாப்பிடலாம்.

கட்டணம் எவ்வளவு? ஏன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது?

மதுரையைச் சுற்றி என்றால் 450 ரூபாய். செட்டிநாடு 900. வண்டி வாடகை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு, வழிகாட்டி, டிரைவர் படி எல்லாம் இதற்குள். ஆள் குறைந்தால் தலைக்கு வண்டி வாடகை கூடும், அதனால்தான் மாறுகிறது. படிப்பு முடித்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பாதிக் கட்டணம். இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றால் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள், கட்டணம் வேண்டாம். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது எனக்கும் பொருளாளருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர்களுக்காகப் பணம் கொடுக்கிற சீனியர்கள்கூடப் பெயர் கேட்பதில்லை.

பயணம் முடிந்த ஒரு வாரத்தில் வரவு செலவைக் குழுவில் போடுகிறோம். மிஞ்சினால் அடுத்த பயணத்துக்கு. சென்ற முறை மிஞ்சியது 212 ரூபாய். அதற்குப் பக்கோடா வாங்கியிருக்கலாம் என்று மூன்று பேர் கருத்துத் தெரிவித்தார்கள்.

சொந்தக் காரில் வரலாமா?

வரலாம், ஆனால் வேனில் வந்தால் நல்லது. காரில் வந்தால் கூட வந்த நாலு பேரோடுதான் பேசுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை வாடகைக்குப் பேசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். மஞ்சள் போர்டு, பெர்மிட், இன்சூரன்ஸ் மூன்றையும் பார்த்த பிறகே வண்டி பேசுவோம்.

வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்புமா?

கிளம்பும். மாட்டுத்தாவணியில் 6.30 என்றால் 6.40 வரை பார்ப்போம். பத்து நிமிடம் ஊர் மரியாதை. முன்பெல்லாம் "பெரியவர் வந்துகிட்டே இருக்கார்" என்று முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறோம். அந்தப் பெரியவர் குளித்துக்கொண்டே இருந்தார். சரியான நேரத்துக்கு வந்த முப்பத்தெட்டு பேர் வெயிலில் நின்றது இன்னும் உறுத்துகிறது.

திரும்பும்போது எண்ணிக்கை இரண்டு முறை எடுப்போம். காரணம், ஒருமுறை டீக்கடையில் ஒருவரை விட்டுவிட்டு ஏழு கிலோமீட்டர் வந்துவிட்டோம். போன் அடித்தால் வண்டிக்குள்ளேயே, அவர் சீட்டில் கிடந்த பையில், அடித்தது. திரும்பிப் போனபோது அவர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். "வருவீங்கன்னு தெரியும்ணே" என்றார்.

சாப்பாடு சைவமா, அசைவமா?

குழுவில் அதிகம் சூடு பறந்த கேள்வி இது. பொதுச் சாப்பாடு சைவம்: புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். கெடாது, சிந்தாது, இலையில் கட்டிக் கொடுக்கலாம். செட்டிநாட்டுப் பயணத்தில் மட்டும் இரண்டும் உண்டு, தனித்தனிப் பந்தி இல்லாமல் ஒரே இடத்தில். யார் இலையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதை ஹாஸ்டலோடு விட்டுவிடுவோம். மதுரைக்குத் திரும்பிய பிறகு கறி தோசைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் ஒரு கூட்டம் பிரிந்து போகும். அது சங்கக் கணக்கில் வராது.

மது?

கிடையாது. வண்டியிலும் இல்லை, இறங்கிய இடத்திலும் இல்லை, "சும்மா ஒரு பீர்" என்பதும் இல்லை. இது விவாதத்துக்குரியது அல்ல.

பெண்கள் தனியாக வரலாமா? வீட்டில் யோசிக்கிறார்கள்.

வரலாம், வருகிறார்கள். ஆரம்பத்தில் நாற்பது பேரில் மூன்று பேர்தான் பெண்கள். ஏன் என்று நம் அக்காக்களிடமே கேட்டோம். வந்த பதில்கள் எல்லாம் சின்ன விஷயங்கள்: திரும்பும் நேரம் தெரியவில்லை, கழிப்பறை எங்கே என்று அறிவிப்பில் இல்லை, இரவு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது. இப்போது அறிவிப்பில் நுழைவுச்சீட்டுக்கு முன்னால் கழிப்பறை நிறுத்தங்கள் வருகின்றன. மாலை ஏழுக்குள் மதுரை. அதற்குமேல் ஆனால் வீட்டு வாசல் வரை வண்டி வரும். அமைப்புக் குழு ஐவரில் இருவர் பெண்கள், அவர்கள் எண் குழுவில் இருக்கிறது. சென்ற பயணத்தில் பதினாறு பேர் வந்திருந்தார்கள்.

வீட்டுக்காரரை, வீட்டம்மாவை, குழந்தைகளை அழைத்து வரலாமா?

ஆண்டில் நான்கு பயணத்துக்கு வரலாம். இரண்டு பயணம், போடி ரயிலும் நகர நடையும், படித்தவர்களுக்கு மட்டும். கடுமையாகத் தெரியலாம். ஆனால் கூட வந்தவருக்கு அலுக்குமே என்று பார்த்துப் பார்த்துப் பாதிப் பேச்சை விழுங்கியவர்கள் கேட்டதால்தான் இந்த ஏற்பாடு. குழந்தைகளுக்கு அரைக் கட்டணம். பழைய பட்டப்பெயர்களைக் குழந்தைகள் முன்னால் சொல்லக்கூடாது என்று ஒருவர் விதி கேட்டார். அவருடைய பட்டப்பெயர் நியாயமாகவே அப்படிப்பட்டது, அவருக்கு மட்டும் அமல்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கோ வேறு கோயிலுக்கோ சங்கமாகப் போவோமா?

தரிசனத்துக்குப் போவதில்லை. நம்மில் எல்லா மதத்தவரும் உண்டு, எதையும் கும்பிடாதவர்களும் உண்டு. ஒருவர் வாசலில் காத்திருக்கவேண்டிய இடத்துக்குக் கிளையாகப் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அவரவர் விருப்பத்துக்கு முன்னாலோ பின்னாலோ போய்வரலாம். மீனாட்சி கோயிலுக்குப் போகிறவர்கள் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது 2018 தீ விபத்துக்குப் பிறகு வந்த வழக்கம். அந்த ஒரு மணி நேரம் உங்களைப் பிடிக்க முடியாது என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜல்லிக்கட்டு? சித்திரைத் திருவிழா?

பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று எல்லாருக்கும் தெரியும். அழகர் ஆற்றில் இறங்குவதைச் சொல்லவே வேண்டாம். இரண்டுக்கும் நாற்பது பேரைக் கூட்டிப் போய் நாற்பது பேராகத் திருப்பிக் கொண்டுவரும் திறமை எனக்கில்லை. ஊர்க்காரர்களாக, தனித்தனியே போய்ப் பாருங்கள். வைகைக்கரையில் எப்படியும் நம் ஆட்கள் நாலு பேர் எதிரே வருவார்கள்.

கொடைக்கானல் ஏன் பட்டியலில் இல்லை?

ஒரு நாளில் போய்வந்தால் எட்டு மணி நேரம் வண்டியில்தான். 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்கவேண்டும். இரண்டு நாள் தங்க ஆள் சேர்ந்தால் பார்க்கலாம்.

வண்டியில் அரசியல் பேசலாமா? என் பிளாட் விற்பனை பற்றிச் சொல்லலாமா?

அரசியல் பேசாமல் மதுரைக்காரர்கள் நூறு கிலோமீட்டர் எப்படிப் போவது? பேசுங்கள், குரல் டிரைவரை எட்டாத அளவுக்கு. பிளாட், இன்சூரன்ஸ், சங்கிலித் தொடர் வியாபாரம், வரன் தேடல் நான்கும் மைக்கில் கூடாது. வரனைப் பற்றி மட்டும் பெரியவர்கள் கெஞ்சியதால், டீ நிறுத்தத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தளர்த்தியிருக்கிறோம்.

பழைய ஆசிரியர்களை அழைக்கிறீர்களா?

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருவர், விருந்தினராக. வீட்டிலிருந்து அழைத்து வந்து வீட்டில் விடுவது அவரிடம் படித்த யாராவது ஒருவரின் பொறுப்பு. பொன்னாடை, நினைவுப்பரிசு கிடையாது. வண்டியில் முன்சீட்டு, ஜன்னலோரம். வருகைப் பதிவு எடுக்கச் சொல்லிப் பழைய பாணியில் ஒருவரைக் கேட்டோம். முப்பது பேரின் பெயரைத் தாளைப் பார்க்காமல் சொன்னார். இரண்டு பேருக்குப் பதிலாக வேறு ஆள் "உள்ளேன் ஐயா" சொன்னதையும் பிடித்துவிட்டார்.

கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனால் பணம்?

மூன்று நாள் முன்னால் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும். அதற்குப் பிறகு உங்கள் இடத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். துக்க காரியம், உடம்பு சரியில்லை என்றால் எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை.

என் செட்டில் யாரும் வரவில்லை. எனக்கு யாரையும் தெரியாது. வந்து என்ன செய்வது?

இதை யாரும் குழுவில் கேட்பதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எனக்குத் தனியாக வரும். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களைப் போல ஒவ்வொரு பயணத்திலும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். வண்டியில் இருக்கை சீட்டுக் குலுக்கித்தான், ஒரே செட் ஆட்கள் ஒட்டி உட்கார முடியாது. போகும்போது ஒருவர், வரும்போது வேறு ஒருவர். முதல் கேள்வி "இப்ப என்ன பண்றீங்க?" என்று இருக்கக்கூடாது, அது மட்டும் விதி. வேலை போனவர்களும், கடையை மூடியவர்களும், மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அந்தக் கேள்விக்குப் பயந்தே வராமல் இருந்திருக்கிறார்கள். "எந்த மெஸ்ஸில் சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பியுங்கள். சாம்பாரைத் திட்டுவதில் எல்லா செட்டும் ஒன்றுதான்.

பேசப் பிடிக்கவில்லை என்றால் சும்மாவும் வரலாம். எழுபதைத் தாண்டிய ஒருவர் நாலு பயணம் வந்தார், யாரோடும் பத்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை என்று ஐந்தாவது பயணத்தில்தான் சொன்னார். இப்போது சுண்டல் பொறுப்பு அவருடையது. உப்பு கொஞ்சம் கூட, சொல்லிப் பார்த்துவிட்டோம், கேட்கமாட்டேன் என்கிறார்.

பெயர் கொடுங்கள். உங்கள் செட்டையும், எந்த நிறுத்தத்தில் ஏறுவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும்.